பிராதில் என் பெயர்

தாம்பரம்
3 பிப்ரவரி 2025

அக்கா,

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் என் பேரில் பிராது கட்டியிருக்கிறாயாம். நேற்று அம்மா போனில் சொன்னாள். முதலில் நான் சிரித்துவிட்டேன். நகையைத் திருடியவன் மேல் கட்டுவார்கள், வரப்பை வெட்டியவன் மேல் கட்டுவார்கள், பெண்டாட்டியை விட்டு ஓடியவன் மேல் கட்டுவார்கள். வெள்ளைத் தாளில் புகார் எழுதி, விசாரிக்கச் சொல்லி சாமியிடம் கட்டித் தொங்கவிட்டு வருவார்கள். கூடப் பிறந்தவள் மேல் யாராவது கட்டுவார்களா?

"நெசந்தான்டி. பேரு, ஊரு, அப்பா பேரு எல்லாம் போட்டு எழுதியிருக்குறா. செத்துப்போன மனுசன் பேரு அங்க தொங்குது. நான் எங்கன்னு போயி சொல்லுவன்?" என்று அம்மா அழுதாள். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொங்கலிலிருந்து என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். ஹாஸ்டல் வார்டன் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். வீட்டு விலாசத்துக்கு அனுப்பினால் உன் மாமியார் கைக்குப் போகும். உன் செராமிக் பொம்மைக் கம்பெனிக்கு அனுப்புகிறேன். போனில் பேசினாலும் எனக்கு "ம்", "சரிக்கா" தவிர வேறு வராது என்று உனக்குத் தெரியும். எழுதினால் கொஞ்சம் வரும்.

நான் என்ன தப்பு செய்தேன்? மூன்று வருஷமாக உடம்பு முழுக்க வலி, தூக்கமில்லை, காலையில் எழும்போதே களைப்பு என்று நீ அலைந்தபோது உன்னோடு அலைந்தவள் நான். புதுச்சேரி டாக்டர் 'பைப்ரோமையால்ஜியா' என்று எழுதிக் கொடுத்த சீட்டை முதலில் படித்தவள் நான். பிசியோதெரபி படித்ததே உனக்காகத்தான் என்பதுபோல நவம்பரில் உட்கார்ந்து பன்னிரண்டு பயிற்சிகளைப் படம் வரைந்து கொடுத்தேன். நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி, கிழிந்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், கை எங்கே கால் எங்கே என்று அம்புக்குறி போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பதில் பிராதா?

பொங்கலில் நடந்ததற்காக என்றால், என்னைக் கேட்டார்கள், கேட்டதற்குப் பதில் சொன்னேன். பொய் எதுவும் சொல்லவில்லை.

பயிற்சிகளைச் செய்கிறாயா?

தென்றல்


விருத்தாசலம்
9 பிப்ரவரி 2025

தென்றல்,

உன் கடிதம் வந்தது. சூப்பர்வைசர் கார்முகில் அதை எல்லார் முன்னாலும் ஆட்டிக்கொண்டே கொண்டுவந்தான். "என்னாக்கா, லவ் லெட்டரா?" என்றான். "ஆமாடா, ஒனக்குத்தான் ஒன்னும் வர்றதில்லன்னு எனக்கு அனுப்பிட்டாங்க" என்றேன். அச்சு ஊற்றுகிற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். உறையைப் பிரித்துப் படித்தபிறகு நான் மட்டும் சிரிக்கவில்லை.

பொய் சொல்லவில்லை என்கிறாய். நடந்ததை எழுதுகிறேன், படித்துப் பார்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். எங்கள் வீட்டுக் கூடம். என் வீட்டுக்காரரின், அதாவது உன் மாமாவின், பெரியப்பா சாமிக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். என் மாமியார் அம்புஜவல்லி கதவோரம். நீ கீழே உட்கார்ந்து கரும்புச் சக்கையை விரலால் பிய்த்துக்கொண்டிருக்கிறாய்.

"ஏம்மா தென்றலு, இங்க நீ ஒருத்திதான் படிச்ச புள்ள. ஒளிக்காம சொல்லு. ஒங்க அக்கா ரிப்போர்ட்ல ஏதாச்சும் இருக்குதா, இல்லியா?"

"ரிப்போர்ட்ல ஒன்னும் இல்லங்க மாமா."

"எக்ஸ்ரேல?"

"அதுலயும் இல்லங்க."

"கேட்டுக்க அம்புஜம். தங்கச்சி வாயாலயே வந்துடுச்சு. இனிமே யாரும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு அலைய வேணாம்."

நான் உன் முகத்தைப் பார்த்தேன். அடுத்து ஏதோ சொல்லப்போகிறாய் என்று பார்த்தேன். நீ சக்கையைப் பிய்த்தாய். அதற்கு அரைமணி முன்னால், சமையல்கட்டில், என் காதோரம் என்ன சொன்னாய்? "இது ரிப்போர்ட்ல தெரியாதுக்கா. நரம்பு வலிய பெருசாக்கிச் சொல்லுது. வலி நெசம்." என் காதில் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? எனக்குத்தான் வலிக்கிறதே, எனக்குத் தெரியாதா? கூடத்தில் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கே தண்ணீர்க் குடம் என் இடுப்புக்குத் திரும்பி வந்துவிட்டது. உன் மாமா அதுவரை காலையில் பாயைச் சுருட்டி வைப்பார், அரிசி மூட்டையைத் தூக்கிக் கொடுப்பார். இப்போது, "ஒன்னும் இல்லன்னு ஒன் தங்கச்சியே சொல்லிடுச்சே" என்று டிவியைப் பார்க்கிறார். மாமியார் எதிர்வீட்டில் போய், "படிச்ச தங்கச்சியே ஒத்துக்கல, இவளுக்கு நடிப்பு" என்கிறாள். டாக்டர் சொல்லி ஒருத்தர் நம்பாமல் போனால் தாங்கலாம். நீ சொல்லாமல் விட்டது எல்லாருக்கும் சாட்சியாகிவிட்டது.

பிராதில் என்ன எழுதினேன் என்று தெரிய வேண்டுமா? 'கருவேப்பிலங்குறிச்சி, காலஞ்சென்ற ராஜாங்கம் மகள் தென்றல். தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டாள். அய்யா விசாரிக்கவும்.' இவ்வளவுதான். அதில் எந்த வார்த்தை பொய் என்று சொல், போய் எடுத்துவிடுகிறேன்.

பயிற்சியைப் பற்றிக் கேட்டாயே. செய்தேன். உன் பன்னிரண்டையும் செய்தேன். எங்கள் தொழில் உனக்குத் தெரியாதா? பிளாஸ்டர் அச்சு வெயில் இருந்தால்தான் காயும். மப்பு போட்டால் காயாது, களிமண் கரைசலை ஊற்றினாலும் பொம்மை பிரியாது. அதனால் வெயில் நாளில் இரண்டு நாள் வேலையைச் சேர்த்து ஊற்றிவிடுவோம். உன் பயிற்சியையும் அப்படித்தான் செய்தேன். உடம்பு நன்றாக இருக்கிற நாளில், விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. அன்றைக்கே துணியெல்லாம் துவைத்து, பலகை பலகையாகப் பொம்மையைச் சூளைக்குத் தூக்கிவிடுவேன். மறுநாள் எழ முடியாது. நான்கு நாள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை அடித்துப் போட்டதுபோல் கிடப்பேன். மாமியார் வந்து நின்று, "நேத்து துள்ளுனவளுக்கு இன்னிக்கு என்னா?" என்பாள்.

பலன் ஒன்றுமில்லை. உன் படத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஆண்டாள்


தாம்பரம்
15 பிப்ரவரி 2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். கையில் இருந்த நோயாளியின் தோளை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "ஏம்மா, மறந்துட்டியா?" என்று அந்த அம்மா கேட்டார்.

மூன்று மடங்கு செய்தாயா? யார் உன்னை மூன்று மடங்கு செய்யச் சொன்னது? இந்த நோயில் செய்யக் கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். நல்ல நாளில் எல்லாவற்றையும் அள்ளிச் செய்வது, பிறகு விழுவது, விழுந்து எழுந்ததும் மறுபடி அள்ளுவது. ஒவ்வொரு விழுதலுக்கும் உடம்பு இன்னும் பயந்துகொள்ளும், இன்னும் சின்ன அசைவுக்கும் வலியைக் கூப்பிடும். உன் மாமியார் உன்னைப் படுக்க வைக்கவில்லை. அந்த நான்கு நாட்களை நீயே உண்டாக்கிக்கொண்டாய்.

இப்படி எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வந்தேன். இனி எழுதப்போவதை எழுதாமலே விடலாம் என்றிருந்தது.

தாளில் தப்பு இருந்தது. அது என் தப்பு. வகுப்பில் கொடுத்ததைப் பார்த்து வரைந்தேன். எத்தனை தடவை என்று எழுதினேன், எங்கே நிறுத்துவது என்று எழுதவில்லை. இங்கே என்னிடம் வருகிறவர்கள் ஆபீஸ் போகிறவர்கள். பத்து என்றால் பத்து செய்துவிட்டு பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீயும் அப்படிச் செய்வாய் என்று நினைத்தேன். பதினான்கு வருஷமாக வெயிலைப் பார்த்து வேலை செய்கிறவள் நீ என்பதை, உன்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த நான் யோசிக்கவில்லை. எனக்கே என் மேல் கோபமாக இருக்கிறது.

புதிதாக ஒன்று சொல்கிறேன். படம் இல்லை, பன்னிரண்டும் இல்லை. காலையில் வேலைக்குப் போகுமுன் பத்து நிமிஷம் மேடு பள்ளமில்லாத ரோட்டில் நட. வலித்தாலும் மெதுவாக நட, தாங்கவே முடியாத நாளில் ஐந்து போதும். உடம்பு காற்றுபோல் இருந்தாலும் பத்துக்கு மேல் ஒரு நிமிஷம் கூடாது. இரண்டு வாரம் கழித்து நானே கூட்டுகிறேன். கம்பெனியில் அச்சில் கரைசலை ஊற்றிவிட்டு அது பிடிக்கிறவரை காத்திருப்பீர்களே, அந்த நேரத்தில் வேறு வேலையைத் தேடாதே. சுவரில் முதுகைச் சாய்த்து, வயிறு ஏறி இறங்க மூச்சு விடு. பலகையில் பாதி அடுக்கித் தூக்கு, இரண்டு நடை போ. படுக்குமுன் வெந்நீரில் நனைத்த துண்டைத் தோளில் போடு.

இப்போது என் பிராது. சாமியிடம் இல்லை, உன்னிடம்.

ஸ்கூலில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் என் பேரைக் கேட்டார். நீ சொன்னாய். பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்து எங்கே போகணும் என்றால் நீ சொல்வாய். கடைக்காரர் என்ன கலர் வேண்டும் என்று என்னைக் கேட்டால் நீ சொல்வாய். காலேஜ் சேர்க்கையில்கூட, "அது பேசாதுங்க, நான் சொல்றன்" என்றாய். இருபத்து நான்கு வயது வரை என் பதிலை நீ சொல்லிவிட்டு, இந்தப் பொங்கலில் மட்டும் ஒரு கூடம் நிறைய ஆட்களுக்கு நடுவே என்னை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தாயே, என்ன நியாயம்?

கூட்டம் மறுபடி போடப்போகிறார்கள் என்று அம்மா சொன்னாள். என்னால் வர முடியாது. இத்துடன் எங்கள் பிசியோதெரபி மையத்து டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கிறது. நோயின் பெயர், வலி உண்மை என்பது, பாரம் தூக்கக் கூடாது என்பது எல்லாம் தமிழிலேயே எழுதி வாங்கியிருக்கிறேன். படித்துக் காட்டு.

தென்றல்


விருத்தாசலம்
23 பிப்ரவரி 2025

தென்றல்,

உன் டாக்டர் கடிதத்துக்கு நடந்த மரியாதையைக் கேள். பெரிய மாமா சாமிக்கண்ணு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எழுத்தைப் பார்ப்பதற்கு முன் சீலைப் பார்த்தார். "மெட்ராஸ் சீலு. நல்லாத்தான் குத்தியிருக்காங்க" என்றார். பிறகு பாதிவரை படித்தார். "இது தங்கச்சி வேலை பாக்குற எடந்தான? கூட வேலை பாக்குறவங்க கேட்டா எழுதிக் குடுக்க மாட்டாங்களா?" என்று மடித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறித் தன் ஊருக்குப் போய்விட்டார். இப்போது என் வலி அவர் சட்டைப் பையில் இருக்கிறது. துவைக்கப் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

தாளை யாரும் எதிர்த்துக் கேள்வி கேட்கலாம். தாள் திருப்பிச் சொல்லாது. உனக்கு இது புரிந்துதான் அனுப்பினாயா?

என் மாமியாரும் பிராது கட்டியிருக்கிறாள். அவள் என் பேரில் கட்டியிருக்கிறாள். 'மருமகள் நடிக்கிறாள், புத்தி கொடுக்கவும்' என்று. அவளே வாய்விட்டுச் சொன்னாள். ஆக உன் பேரும் என் பேரும் ஒரே இடத்தில் தொங்கின. எனக்கு அது பிடிக்கவில்லை. வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டு மணவாளநல்லூர் போய், என் பிராதை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சமாதானம் என்று நினைத்துக்கொள்ளாதே. என் தங்கச்சியை நான் திட்டுவேன். அவள் பேர் அம்புஜவல்லி எழுத்துக்குப் பக்கத்தில் தொங்க வேண்டாம். அவ்வளவுதான்.

உன் பத்து நிமிஷத்தை மூன்று நாள் ஒழுங்காக நடந்தேன். பத்து நிமிஷம் என்ன நடை, குழந்தை நடக்கிற நடை. வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது, என்னமோ கல்யாணத்துக்கு முன்னால் இருந்த உடம்பு திரும்பி வந்ததுபோல. ரயில்வே கேட்டு வரை போய்த் திரும்பினேன். முக்கால் மணி நேரம். சனிக்கிழமை முழுக்கப் படுத்திருந்தேன். இன்றும் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். திட்டுவதானால் திட்டு.

நீ எழுதிய பிராதைப் படித்தேன். உனக்குப் பதிலாக நான் பேசினேன் என்கிறாய். உன்னை யார் என்ன கேட்டாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், பேசாமல் என் பாவாடையைப் பிடித்துக்கொள்வாய். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எனக்குத் தெரியவில்லை. தப்பென்றால் தப்பு.

இப்போது காரியம். மார்ச் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை உட்காரப்போகிறார்கள். முடிவு எடுத்துவிட்டுத்தான் கூட்டமே கூட்டுகிறார்கள். "சரியாவுற வரைக்கும் அவ அம்மா வூட்டுல இருக்கட்டும். பிரியா ஸ்கூலு கெடும், புள்ள இங்க இருக்கட்டும்." பெரிய மாமா வாயிலிருந்து வந்த வார்த்தை. உன் மாமா மறுத்துப் பேசவில்லை. சரியாவது என்றால் என்ன? நாளைக்கே சரியாகிற காய்ச்சலா இது? நான் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனால் பத்து வயதுப் பிள்ளை எனக்கு விருந்தாளிதான். பிரியா அதைக் கேட்டுவிட்டு, தலை சீவும்போது, "அம்மா, நீ வலிக்கலன்னே சொல்லிடேன்" என்கிறாள். அந்தச் சீப்பை அங்கேயே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நீ வருகிறாயா இல்லையா? வராவிட்டால் இனி உறையில் என் பேரை எழுதாதே.

ஆண்டாள்


தாம்பரம்
28 பிப்ரவரி 2025

அக்கா,

வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில்.

ரயில்வே கேட்டு வரை நடந்ததற்குத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். நேரில் திட்டுகிறேன்.

ஒரே ஒரு கண்டிஷன். கூட்டத்தில் நீ வாயைத் திறக்கக் கூடாது. நான் திக்கினாலும், அழுதாலும், பாதியில் நின்றுவிட்டாலும் எடுத்துக் கொடுக்காதே. நீ ஒரு வார்த்தை பேசினால் நான் பழையபடி உன் பின்னால் போய் நின்றுவிடுவேன். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சொல்ல வேண்டியதை ஹாஸ்டல் மொட்டைமாடியில் தினமும் சொல்லிப் பார்க்கிறேன். துணி காயப்போட வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டுக் கீழே போய்விடுகிறார்கள்.

தென்றல்


தாம்பரம்
11 மார்ச் 2025

அக்கா,

ஜங்ஷனில் ரயில் வரும்வரை ஒரு மணி நேரம் நின்றேன். நீ வரவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதும், நான் "வரேன்க்கா" என்றதற்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றாய். அந்த "ம்" என்னுடையது. உன் வாயில் அதை நான் கேட்டதே இல்லை. நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

பெரிய மாமா அதே கேள்வியை அதே குரலில் கேட்டார். இல்லங்க மாமா என்றேன். அவர் துண்டை உதறிக்கொண்டு எழப்போனார். "நான் இன்னும் முடிக்கலங்க" என்றேன். உன் வீட்டுக் கூடத்தில் அது யார் குரல் என்று எனக்கே சந்தேகம் வந்தது. உட்கார்ந்துகொண்டே பேசினேன். எலும்பில் கோளாறு இல்லை, வலியைச் சொல்கிற நரம்பு ஒன்றைப் பத்தாகச் சொல்கிறது, அதை ரத்தத்திலும் படத்திலும் பார்க்க முடியாது, வலி பொய்யில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நான் கேட்டபடியே நீ வாயை மூடிக்கொண்டு, முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன்.

அப்போதுதான் உன் மாமியார் கத்தினாள்.

"எல்லாருக்குந்தான் ஒடம்பு வலிக்குது! எனக்கு முப்பது வருசமா வலிக்குது. நான் யாருகிட்டச் சொன்னன்? படுத்தனா? சொல்லு, படுத்தனா?"

நான் மொட்டைமாடியில் சொல்லிப் பார்த்ததில் இதற்குப் பதில் இல்லை. வேலையில் வாயில் வருகிற கேள்விதான் வந்தது. "எங்கங்க அத்த வலிக்குது?" என்றேன். அவள் காட்டினாள். தோள், கழுத்தடி, இடுப்பு, முழங்கை. தோளில் லேசாகக் கை வைத்ததற்கே "அம்மாடி" என்று சுருண்டாள். உன் வீட்டுக்காரர் பதறிப்போய், "ஏம்மா சொல்லவே இல்ல?" என்றார். "யாருடா கேட்டீங்க?" என்றாள்.

அப்போது நான் கேட்டேன். "அத்தைக்கு வலிக்குதுன்னா எல்லாரும் நம்புறீங்க. ரிப்போர்ட் எங்கன்னு யாரும் கேக்கலியே மாமா?"

பெரிய மாமா, "அது வேறம்மா..." என்று ஆரம்பித்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். காபி வந்தது. குடித்தார்கள். உன்னை அனுப்புவது பற்றி யாரும் பேசாமலே எழுந்து போனார்கள். பிரியா உன் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன் அக்கா. உன் முகத்தைப் பார்த்தேன். என்ன கோபம் அது?

தென்றல்


விருத்தாசலம்
20 மார்ச் 2025

தென்றல்,

என்ன கோபம் என்று கேட்கிறாய். நீ போன சாயங்காலம் உன் மாமா கடைக்குப் போனார். கையில் தைலம் ஒரு பாட்டில், பிளாஸ்டிக் ஒத்தடப் பை ஒன்று. நேராக அவர் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவரே கைப்பட முழங்கையில் தேய்த்துவிட்டார். மூன்று வருஷம் நான் அந்த வீட்டில் முனகியிருக்கிறேன். எனக்கு ஒரு மாத்திரைக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை. அவள் ஒரு தடவை "அம்மாடி" என்றாள், வந்துவிட்டது தைலம்.

என் வலிக்காகக் கூட்டிய கூட்டம் அது. என் வலியை நிரூபிக்க வந்தவள் நீ. என்மேல் பிராது கட்டியவளின் தோளில் கையை வைத்து, "எங்கங்க அத்த" என்று கேட்டாய். அவ்வளவு மெதுவாக என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. நீயும் கேட்டதில்லை. உன் பன்னிரண்டு படத்திலும் அந்தக் கேள்வி இல்லை. ஜங்ஷனுக்கு வந்திருந்தால் பிளாட்பாரத்தில் வைத்து உன்னை அடித்திருப்பேன். அதனால் வரவில்லை.

நீ கேட்டதால்தான் என் பிள்ளை என் மடியில் இருக்கிறாள். அதுவும் எனக்குத் தெரியும். தெரிகிறது என்பதற்காகக் கோபம் குறைந்துவிடாது.

மற்ற சேதி. கார்முகிலிடம் நானே பேசினேன். பலகையைப் பாதி அடுக்கித்தான் தூக்குவேன், ஊற்றிவிட்டு உட்காருவேன், பார்த்துக்கொண்டே இருந்தாலும் உட்காருவேன் என்றேன். "ஒக்காருக்கா, யாரு வேணாங்கறா? மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல" என்றான். எத்தனை தடவை சொன்னேன் என்று அவனுக்கு ஞாபகமில்லை. ஞாபகப்படுத்தினேன். நான்கு பேர் கேட்கும்படி ஞாபகப்படுத்தினேன். இப்போது பொம்மைக்கு ஓரம் சுரண்டுகிற வேலையில் உட்கார வைத்திருக்கிறான். குடத்தை உன் மாமா தூக்குகிறார். கேட்டால்தான் தூக்குவார். ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டும்.

மாமியாரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், அவளுக்கு என்ன என்று இனிமேல்தான் தெரியும். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். முறைத்தாள். அந்த டாக்டரும் அவளைத் தினம் கொஞ்சம் நடக்கச் சொன்னாராம். அதனால் காலையில் அவளும் வருகிறாள். என்னோடு நடக்கிற பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷம் குறை சொல்கிறாள். நான் வேகமாகப் போகிறேனாம், செருப்பு சத்தம் போடுகிறதாம், ரோட்டைப் பார்த்து நடக்கவில்லையாம். நேரம் பார்க்கிற போன் அவள் கையில். நான் வைத்துக்கொண்டால் ஏமாற்றிவிடுவேன் என்று நீ சொன்னாயாமே.

நேற்று எனக்கு நல்ல நாள். எழும்போதே தெரிந்தது. கழுத்து திரும்பியது, கை விரல் மடங்கியது. செராமிக் கம்பெனிகள் ரோட்டில் வெயில் இன்னும் ஏறவில்லை. இப்படியே நடந்து ஊரைத் தாண்டிப் போய்விடலாம் போலிருந்தது.

"ஆச்சு. நில்லு" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் போலாம். எனக்கு இன்னிக்கு நல்லாத்தான் இருக்குது."

"நல்லாருக்குற அன்னிக்குத்தான் நிக்கணுமாம். ஒன் தங்கச்சி சொல்லிட்டுப் போயிருக்குது. நில்லுடி."

மூன்று வருஷம் என்னை உட்கார விடாத வாய் அது. அது இப்போது என்னை நடக்க விடாமல் நிற்கச் சொல்கிறது. எனக்கு வந்த கோபத்தில் நடுரோட்டிலேயே பிடித்துக்கொண்டேன். குடத்திலிருந்து ஆரம்பித்தேன். எதிர்வீட்டில் பேசியது, பிராது, பிள்ளையைப் பிரிக்கப் பார்த்தது, தைலம். ஒன்றையும் விடவில்லை. அவளும் விடவில்லை. "நான் என் மாமியாகிட்டப் பட்டதுல பாதி நீ பட்டிருப்பியாடி? ஒங்க மாமனாரு என்னை ஒரு நாளு ஒக்காருன்னு சொல்லியிருப்பாரா?" என்றாள். வேலைக்குப் போகிற பெண்கள் சைக்கிளில் கால் ஊன்றிப் பார்த்தார்கள். ஒருத்தி, "யக்கா, பெல்லு அடிச்சுடப் போவுது, வாங்க" என்று கூப்பிட்டாள். திட்டி முடியவில்லை. ஆனால் நான் அங்கே நின்றுதான் திட்டினேன். ஒரு அடி மேலே நடக்கவில்லை. அப்படியே திரும்பினோம்.

துணி மூட்டை கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன். கம்பெனியிலும் பாதிப் பலகைதான்.

இன்று காலை எழுந்தேன் தென்றல். வலி இருக்கிறது, இல்லாமல் எங்கே போகும். ஆனால் எழுந்து, பிரியாவுக்குத் தலை சீவி, பத்து நிமிஷம் நடந்து, வேலைக்கு வந்து உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன். நல்ல நாளுக்கு மறுநாள் நான் படுக்காமல் இருப்பது, எனக்கு நினைவு தெரிந்து, இந்த மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். உன்னிடம் சொல்கிறேன்.

எத்தனை நிமிஷம் கூட்டுவது என்று எழுது. ஒன்றா, இரண்டா?

ஆண்டாள்